லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது? ஒரு ஸ்போர்ட்ஸ் கார், ஒரு பஸ் டிரைவர், 105 மைல் பாலைவனம்

எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கப்பட்டது. வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.

 

போன எபிசோடுக்கு அப்புறம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். "அண்ணா, நீங்க மியாட்டா ஓட்டுறதா சொன்னீங்க. சவுண்டு, பிக்கப்பு எல்லாம் சரி. லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?" கேட்டதும் சிரிச்சுட்டேன். ஏன்னா இதே கேள்வியை, கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில், போன வருஷம் அக்டோபர் மாசம் டென்வர் ஏர்போர்ட் பார்க்கிங்கில் எங்க அப்பா கேட்டார். காரைச் சுற்றி ஒரு தடவை நடந்து வந்தார். "பின் சீட்டு எங்கடா?" என்றார். இல்லைப்பா, ரெண்டு பேர் வண்டிதான்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "சரி, எவ்வளவு குடுக்குது?"

அப்பா தர்மபுரி பக்கம் அரசுப் பேருந்து ஓட்டி ரிட்டையர் ஆனவர். அவருக்கு மைலேஜ் என்பது பொழுதுபோக்குப் பேச்சு கிடையாது. டிப்போவில் ஒவ்வொரு டிரைவருக்கும் கே.எம்.பி.எல். கணக்கு உண்டு. லிட்டர் டீசலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதுதான் அது. அஞ்சு, அஞ்சரை என்று தசமப் புள்ளியில் பேசுகிற உலகம் அது. கணக்கு குறைந்தால் மேலதிகாரி முன்னாடி போய் நிற்கணும். அப்படி ஒரு மனுஷன் கேட்கும்போது நான் ரொம்ப அலட்சியமா "பன்னிரண்டு, பன்னிரண்டரை குடுக்கும்பா" என்று சொன்னேன்.

அந்தப் பதில் தப்பு. எவ்வளவு தப்பு என்று இரண்டு நாள் கழித்து, யூட்டா மாநிலத்துல, செல்போன் சிக்னலே இல்லாத ஒரு பாலைவன நெடுஞ்சாலையில்தான் எனக்குப் புரிந்தது. இன்னைக்கு எபிசோடு அதைப் பற்றித்தான்.

ஸ்டிக்கரில் இருக்கும் எண் எங்கிருந்து வருது?

முதல்ல காரைப் பற்றி ரெண்டு வரி. என்னுடையது 2019 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 மியாட்டா. 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், டர்போ கிடையாது, மேனுவல் கியர். எடை சுமார் 1,060 கிலோதான். பெட்ரோல் டேங்க் 45 லிட்டர்.

அமெரிக்காவில் புது காரின் ஜன்னலில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அதாவது இ.பி.ஏ., சொல்லும் மைலேஜ் அதில் இருக்கும். என் காருக்கு ஊருக்குள் கேலனுக்கு 26 மைல், நெடுஞ்சாலையில் 34, இரண்டும் கலந்து 29. நம்ம கணக்கில் சொன்னால் லிட்டருக்கு 11, 14.5, 12.3 கிலோமீட்டர். நான் அப்பாவிடம் சொன்ன பன்னிரண்டரை இங்கிருந்து வந்ததுதான்.

இந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? ரோட்டில் ஓட்டிப் பார்ப்பதில்லை. ஒரு ஆய்வகத்தில் உருளைகள் மேல் காரை நிறுத்தி, ஏற்கெனவே எழுதி வைத்த ஒரு அட்டவணைப்படி வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டுவாங்க. ஊருக்குள் ஓட்டும் சோதனையில் சராசரி வேகம் மணிக்கு சுமார் 34 கிலோமீட்டர். நெடுஞ்சாலைச் சோதனையில் சராசரி 77, உச்சம் 96. இது ரொம்ப சாதுவான ஓட்டம் என்று எல்லாருக்கும் தெரிஞ்சதால, 2008 மாடல்களிலிருந்து இன்னும் மூன்று சோதனைகளைச் சேர்த்தாங்க. ஒன்று, மணிக்கு 80 மைல் வரை போகும் வேகமான ஓட்டம். இன்னொன்று, 35 டிகிரி வெயிலில் ஏசி போட்டு ஓட்டுவது. மூன்றாவது, மைனஸ் 7 டிகிரி குளிரில். இந்த எல்லாத்தையும் வைத்துத்தான் ஸ்டிக்கர் எண் வருது.

இந்தியாவில் நீங்க பார்க்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. மைலேஜும் இதே மாதிரி ஆய்வகத்தில் எடுப்பதுதான். அந்தச் சோதனையில் உச்ச வேகமே 90 கிலோமீட்டர். அதனாலதான் விளம்பரத்தில் 22 என்று போட்ட கார் உங்க கையில் 15 கொடுக்குது. யாரும் பொய் சொல்லலை. அவங்க ஓட்டின ஓட்டம் வேற, நீங்க ஓட்டுற ஓட்டம் வேற.

இந்த எண் எதுக்குப் பயன்படும்? ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிட. எல்லாக் காரும் ஒரே பரீட்சை எழுதியிருக்கு, அதனால மதிப்பெண்ணை ஒப்பிடலாம். ஆனா இன்னைக்கு ராத்திரி நீங்க எவ்வளவு தூரம் போய்ச் சேருவீங்க என்று அந்த எண்ணிடம் கேட்கக் கூடாது. நான் செஞ்ச முதல் தப்பு அதுதான்.

மைலேஜ் வேற, ரேஞ்ச் வேற

இங்க ஒரு சின்ன விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கலாம். மைலேஜ் என்பது ஒரு லிட்டருக்கு எவ்வளவு தூரம். ரேஞ்ச் என்பது ஒரு டேங்குக்கு எவ்வளவு தூரம். ஸ்போர்ட்ஸ் காரில் இந்த ரெண்டும் பல நேரம் எதிரெதிர் திசையில் போகும்.

உதாரணத்துக்கு ஷெவர்லே கார்வெட் எடுத்துக்குவோம். அதன் சி8 மாடலில் 6.2 லிட்டர் வி8 எஞ்சின். என் எஞ்சினைப் போல மூணு மடங்கு பெருசு. கலப்பு மைலேஜ் கேலனுக்கு 19 மைல், அதாவது லிட்டருக்கு 8 கிலோமீட்டர் சொச்சம். ஆனா அதன் டேங்க் 70 லிட்டர். பெருக்கிப் பாருங்க, ஒரு டேங்குக்கு சுமார் 565 கிலோமீட்டர். என் மியாட்டா லிட்டருக்கு 12.3, டேங்க் 45 லிட்டர். பெருக்கினா சுமார் 555. ஆக, சிக்கனமான குட்டிக் காரும் பெட்ரோல் குடிக்கும் வி8 காரும் ஏறக்குறைய ஒரே தூரத்தில்தான் பங்க்கில் நிற்கணும்.

காரணம் எளிது. மியாட்டா மாதிரி காரில் ஒவ்வொரு கிலோவையும் குறைக்கணும் என்று பார்ப்பாங்க. பெட்ரோலும் எடைதான், டேங்குக்கு இடமும் வேணும். அதனால டேங்க் சின்னதா இருக்கும்.

இன்னொரு ஓரத்தில் புகாட்டி வேரான் இருக்கு. அதன் டேங்க் 100 லிட்டர். 400 கிலோமீட்டருக்கு மேல் உள்ள அதன் உச்ச வேகத்தில் ஓட்டினால் முழு டேங்கும் சுமார் 12 நிமிஷத்தில் காலி. லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர்கூடத் தேறாது. ஒரே கார், ஒரே டேங்க், நீங்க எந்த வேகத்தில் போறீங்க என்பதைப் பொறுத்து ரேஞ்ச் பல மடங்கு மாறும். இதை மனசுல வெச்சுக்கோங்க, கதைக்கு வருவோம்.

133 மைல் இருக்குப்பா, போதும்

அக்கா குடும்பம் லாஸ் வேகஸில் இருக்கு. மறுநாள் காலையில் பேத்திக்கு முதல் பிறந்தநாள், மொட்டை போட்டுக் காது குத்துவதாக ஏற்பாடு. தாத்தா மடியில்தான் குழந்தை உட்காரணும். ஃப்ளைட்டில் போயிருக்கலாம். நான்தான் "வாங்கப்பா, ரோட்டுல போகலாம், மலையெல்லாம் பார்க்கலாம்" என்று கூட்டிக்கிட்டுக் கிளம்பினேன். டென்வரிலிருந்து ஐ-70 நெடுஞ்சாலையில் மேற்கே போய், பிறகு ஐ-15 பிடித்துத் தெற்கே இறங்கணும். 750 மைல் வரும்.

சில்வர்தார்ன் என்ற மலை ஊரில் டேங்கை ரொப்பினோம். அந்த ஊர் சுமார் 8,700 அடி உயரத்தில் இருக்கு. அங்கிருந்து வெய்ல் கணவாய் வரைக்கும் ஏற்றம், அப்புறம் கிளென்வுட் பள்ளத்தாக்கு வழியா கிட்டத்தட்ட இறக்கம்தான். யூட்டாவில் கிரீன் ரிவர் என்ற ஊர் வந்தபோது உயரம் 4,000 அடி சொச்சம். 277 மைல் ஓடியிருந்தோம். மைலேஜ் பார்த்தா கேலனுக்கு 37, அதாவது லிட்டருக்கு 15.7. ஸ்டிக்கர் எண்ணையே தாண்டிடுச்சு. "பார்த்தீங்களாப்பா?" என்று எனக்குப் பெருமை தாங்கலை.

அப்பா மீட்டரைப் பார்த்தார். "இங்க போட்டுக்கலாம்டா."

டேஷ்போர்டில் இன்னும் 133 மைல் போகலாம் என்று காட்டியது. அடுத்து பங்க் இருக்கும் ஊர் சலைனா. நடுவில் சுமார் 105 மைல். அமெரிக்காவின் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளில் பங்க், கடை எதுவுமே இல்லாத மிக நீளமான துண்டு இதுதான். 1970-இல் இந்தச் சாலையைத் திறக்கும் வரை அந்த மலைக்காட்டின் குறுக்கே ஒரு தார் ரோடு கூடக் கிடையாது. ஊரைத் தாண்டும் இடத்திலேயே அடுத்து நூறு மைலுக்கு மேல் எதுவும் கிடைக்காது என்று போர்டு வெச்சிருக்காங்க.

நான் மனசுல கழித்தேன். 133-இல் 105 போனால் 28 மிச்சம். "போதும்பா. நின்னா பத்து நிமிஷம் போயிடும், இருட்டுறதுக்குள்ள மலையைத் தாண்டிடலாம்" என்றேன்.

"அது நீ போடுற கணக்கு. வண்டி வேற கணக்கு போடும்" என்றார். ஆனா வற்புறுத்தலை. மகன் ஊரு, மகன் வண்டி என்று விட்டுட்டார்.

கார் திரும்பிப் பார்த்துத்தான் சொல்லும்

அந்த 133 என்ற எண் எப்படி வந்தது என்று இப்போ சொல்றேன். பெரும்பாலான கார்களில் கம்ப்யூட்டர் செய்வது இவ்வளவுதான். டேங்கில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கும். பாதுகாப்புக்காகக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கும். மீதியை, நீங்க சமீபத்தில் ஓட்டின மைலேஜால் பெருக்கும். அவ்வளவுதான். முன்னாடி வரும் ரோடு அதுக்குத் தெரியாது. ஏற்றம் வருதா, காத்து எதிரில் அடிக்குதா, நீங்க அவசரத்தில் இருக்கீங்களா, எதுவும் தெரியாது.

என் கார் அன்னைக்கு என்ன பார்த்தது? 277 மைல் நிதானமான இறக்கம். அந்த மைலேஜை வைத்து அடுத்த ரோட்டுக்குக் கணக்கு போட்டது. அடுத்த ரோடோ நேர் எதிர்.

கிரீன் ரிவரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சான் ரஃபேல் ஸ்வெல் என்ற பாறைத் தொடர் சுவர் மாதிரி எழுந்து நிற்கும். ரோடு அதை வெட்டிக்கொண்டு ஏறும். நாங்க மேல்கூரையைத் திறந்து வெச்சு, மணிக்கு 80 மைல் வேகத்தில், எதிர்க்காற்றில் ஏறினோம். அழகுன்னா அப்படி ஒரு அழகு. அப்பா வேடிக்கை பார்க்கலை. மீட்டரையே பார்த்துக்கிட்டிருந்தார்.

40 மைல் ஓடினதும் கோஸ்ட் ராக்ஸ் என்ற இடத்தில், வண்டியை ஓரம் கட்டிப் பாறைகளைப் பார்க்க ஒரு நிறுத்தம் இருக்கு. அங்க நிறுத்தினேன். டேஷ்போர்டு 61 காட்டியது. 40 மைல்தான் ஓடியிருக்கோம், ஆனா 72 மைல் காணாமப் போயிருக்கு. சலைனாவுக்கு இன்னும் 65.

61 இருக்கு, 65 வேணும். போனை எடுத்தேன், சிக்னல் இல்லை.

அப்பா திட்டலை. திட்டியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். "திரும்பினா எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார். 40 மைல், முழுக்க இறக்கம். திரும்பினால் நிச்சயம் போய்ச் சேரலாம். ஆனா அப்படிப் போனா ஒன்றரை மணி நேரம் போச்சு, அக்கா வீட்டுக்கு விடியற்காலையில்தான் போய்ச் சேருவோம்.

அங்க ஒரு லாரி நின்றது. அப்பா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், கையால் மேடும் பள்ளமும் காட்டி, அந்த டிரைவரிடம் கேட்டார். உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் ரெண்டு கனரக வண்டி டிரைவர்களுக்கு மொழி ஒரு பிரச்சினையில்லை போல. அவர் சொன்ன விவரம் இது. முதல்ல கொஞ்சம் இறக்கம், அப்புறம் சுமார் 7,900 அடி வரைக்கும் இன்னொரு ஏற்றம், அங்கிருந்து சலைனா வரைக்கும் கடைசி 27 மைல் இறக்கமே இறக்கம்.

அப்பா வந்து உட்கார்ந்தார். "மேலே மூடு. அறுபதுக்கு மேல போகாத. போ."

உண்மையான வில்லன் காத்து

அப்பா சொன்ன ரெண்டுமே ஏன் சரி என்று பார்ப்போம். கொஞ்சம் பள்ளிக்கூட இயற்பியல், பயப்படாதீங்க.

ஏற்றம்தான் பெட்ரோலைக் குடிச்சிருக்கும் என்று நான் நினைச்சேன். கணக்கு போட்டுப் பாருங்க. கார், ரெண்டு ஆள், பெட்டி எல்லாம் சேர்த்து 1,250 கிலோ. அதுவரை ஏறினது சுமார் 3,000 அடி, அதாவது 900 மீட்டர் சொச்சம். அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்க சுமார் 11 மெகாஜூல் ஆற்றல் போதும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் இருக்கு. எஞ்சின் அதில் முப்பது சதவீதத்தைத்தான் வேலையா மாற்றும், மிச்சம் வெப்பமாப் போயிடும். ஆக அந்த ஏற்றத்துக்குப் போனது சுமார் 1.2 லிட்டர். அவ்வளவுதான். ஆனா அந்த 40 மைலில் நான் எரிச்சது ஆறரை லிட்டர் இருக்கும்.

மீதி எங்க போச்சு? பெரும்பகுதி காத்துக்கு. காற்றின் எதிர்ப்பு, வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். வேகம் ரெண்டு மடங்கானால் எதிர்ப்பு நாலு மடங்கு. இதில் முக்கியமானது, ரோட்டைப் பொறுத்த வேகம் கிடையாது, காற்றைப் பொறுத்த வேகம். நான் 80-இல் போறேன், எதிர்க்காற்று ஒரு 10 மைல்னு வெச்சுக்கோங்க. காருக்கு அது 90. வேகத்தை 60-ஆக்கினா காருக்கு 70. எழுபதின் இருமடியைத் தொண்ணூறின் இருமடியால் வகுத்தா 0.6 வரும். வேகத்தில் 20 மைல் குறைச்சதும் காற்றின் எதிர்ப்பு நாற்பது சதவீதம் விழுந்துடுச்சு.

கூரை திறந்த காரில் இன்னொரு தொல்லை. முன்கண்ணாடிக்கு மேலே போகும் காற்று உள்ளே இறங்கிச் சுழலும். வழவழன்னு வழுக்கிப் போக வேண்டிய காற்றைக் கார் இழுத்துக்கொண்டு போகுது. அதனாலதான் "மேலே மூடு".

ஸ்போர்ட்ஸ் காருக்கே உரிய ஒரு காரணமும் இருக்கு. கியர் விகிதம். எப்போ மிதிச்சாலும் பாயணும் என்பதற்காக இந்தக் கார்களில் டாப் கியரைக்கூடக் குட்டையா வெச்சிருப்பாங்க. என் காரில் ஆறாவது கியரில் 80 மைலில் எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் ஓடும். சாதாரண செடான் இதைவிடக் குறைவான சுற்றில் அமைதியா போகும். வேகமா போற அளவுக்கு ஸ்போர்ட்ஸ் காரின் அபராதமும் கூடிக்கிட்டே போகும்.

சரி, மெதுவா போனதால எவ்வளவு நேரம் நஷ்டம்? மிச்சம் இருந்த 65 மைலை 80-இல் போனால் 49 நிமிஷம். 60-இல் போனால் 65 நிமிஷம். 16 நிமிஷ வித்தியாசம். கிரீன் ரிவரில் பெட்ரோல் போட்டிருந்தா பத்து நிமிஷம்தான் ஆகியிருக்கும்.

நியூட்ரல் போடாதே

அந்தக் கடைசி ஏற்றம் மறக்க முடியாது. வலது ஓரத்து லேனில், ஒரு லாரிக்குப் பின்னாடி, நல்லா இடைவெளி விட்டுப் போனோம். ஒட்டிப் போனா காத்து குறையும்தான், ஆனா லாரி பிரேக் பிடிச்சா நம்ம கதை முடிஞ்சது. பெட்ரோல் விளக்கு எரிய ஆரம்பிச்சுது. உச்சிக்கு வந்தபோது டேஷ்போர்டு 19 காட்டியது. சலைனாவுக்கு 27. இருட்டிடுச்சு. ரெண்டு பேரும் பேசலை.

இறக்கம் ஆரம்பிச்சதும் என் கை தன்னாலே கியரை நியூட்ரலுக்குத் தள்ளப் போச்சு. மிச்சம் பிடிக்கலாமேன்னு. அப்பா என் கையைத் தட்டிவிட்டார். "கியரை எடுக்காதடா. தொப்பூர்ல எத்தனை வண்டி பார்த்திருக்கேன்."

தர்மபுரி, சேலம் ரோட்டில் போனவங்களுக்குத் தொப்பூர் கணவாயைச் சொல்ல வேண்டியதில்லை. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கின லாரிகள், பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய், முன்னாடி போற வண்டிகள் மேல் ஏறின இடம் அது. கியரில் இருந்தா எஞ்சினே வண்டியைப் பிடிச்சு நிறுத்தும், பிரேக்குக்கு வேலை குறையும். அப்பா சொன்னது உயிர் பற்றி.

ஆனா பெட்ரோல் கணக்கிலும் அவர் சொன்னதுதான் சரி. பழைய கார்புரேட்டர் வண்டியில் நியூட்ரல் போட்டா மிச்சம் என்று நம்பினதுக்கு ஒரு நியாயம் இருந்திருக்கலாம். இன்றைய ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் காரில், கியரில் இருந்துகொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுசா எடுத்தா, கம்ப்யூட்டர் இன்ஜெக்டரை மூடிடும். எஞ்சினைச் சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருக்கும், பெட்ரோல் செலவு பூஜ்ஜியம். நியூட்ரலில் போட்டீங்கன்னா எஞ்சின் அணையாமல் இருக்க ஐட்லிங்குக்குப் பெட்ரோல் கொடுத்துக்கிட்டே இருக்கணும். லேசான சரிவில் நியூட்ரலில் வண்டி இன்னும் கொஞ்ச தூரம் உருளும் என்று யாராவது வாதிடலாம். மலை இறக்கத்தில் அந்த வாதத்துக்கு இடமே இல்லை.

கியரிலேயே இறங்கினோம். மைல் கல் ஒவ்வொன்றாக் கழியுது, டேஷ்போர்டு எண் ரொம்ப மெதுவாத்தான் இறங்குது. 27-ஐ 19 ஜெயிச்ச அதிசயம் அப்படித்தான் நடந்தது. சலைனா பங்க்கில் வண்டியை நிறுத்தினபோது இன்னும் 6 மைல் காட்டியது.

டேங்க் ரொம்பினதும் பம்ப் 10.9 கேலனில் நின்றது. சுமார் 41 லிட்டர். 45 லிட்டர் டேங்கில் நாலு லிட்டர் பக்கம் மிச்சம். 80-லேயே வந்திருந்தா? பிறகு கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒன்றரை லிட்டர் மிச்சத்தில் வந்திருப்போம். சேர்ந்திருக்கலாம், வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி எஞ்சின் நின்னும் போயிருக்கலாம். அக்டோபர் ராத்திரி, அந்த உயரத்தில், சிக்னல் இல்லாமல், வயசான மனுஷனை வெச்சுக்கிட்டு நான் அந்தப் பந்தயம் கட்டியிருக்கக் கூடாது.

சரி, நீங்க என்ன செய்யலாம்?

ஸ்போர்ட்ஸ் கார் இல்லாதவங்களுக்கும் இது பொருந்தும்.

முதலாவது, உங்க காரின் உண்மையான மைலேஜை நீங்களே கண்டுபிடிங்க. பம்ப் முதல் தடவை தானா நிற்கும்வரை நிரப்புங்க, டிரிப் மீட்டரைப் பூஜ்ஜியம் ஆக்குங்க. அடுத்த தடவை முடிஞ்சா அதே பங்க்கில், அதே மாதிரி நிரப்பி, ஓடின தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுங்க. ஒரு தடவை செஞ்சா நம்பாதீங்க, நாலஞ்சு தடவை செய்யுங்க. ஊருக்குள் ஒரு எண், ஹைவேயில் ஒரு எண், மலைக்கு ஒரு எண் என்று வெச்சுக்கோங்க.

ரெண்டாவது, பயணத்துக்குத் திட்டம் போடும்போது உங்க மோசமான எண்ணை எடுங்க. என் காரில் நான் இதுவரை பார்த்த மோசமான மைலேஜ் லிட்டருக்கு 10. டேங்கில் 40 லிட்டர்தான் என்னுடையது, மிச்சம் அஞ்சு லிட்டர் இல்லவே இல்லை என்று வெச்சுக்கிட்டேன். ஆக என் ரேஞ்ச் 400 கிலோமீட்டர். காகிதத்தில் 555. அந்த 155 கிலோமீட்டர் இடைவெளியில்தான் நானும் அப்பாவும் மாட்டிக்கிட்டோம்.

மூணாவது, டேங்கை அடிமட்டம் வரைக்கும் கொண்டு போற பழக்கத்தை விடுங்க. பெட்ரோல் பம்ப் மோட்டார் டேங்குக்குள்ளேதான் இருக்கு. அதைச் சூடாகாமல் வெச்சிருப்பதே சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். அடிக்கடி வறண்டு போனா மோட்டார் சீக்கிரம் போகும்.

கடைசியா ஒரு கணக்கு. லிட்டருக்கு 8 கொடுக்கும் கார் 10 கொடுக்க ஆரம்பிச்சா, 500 கிலோமீட்டருக்குப் பன்னிரண்டரை லிட்டர் மிச்சம். லிட்டருக்கு 20 கொடுக்கும் கார் 25 கொடுத்தா, அதே தூரத்துக்கு அஞ்சு லிட்டர்தான் மிச்சம். நிறையக் குடிக்கும் காரில்தான் ஓட்டும் விதம் அதிகப் பணத்தைக் காப்பாற்றும். "ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிட்டு மைலேஜ் பார்க்கிறியா" என்று யாராவது கேலி செஞ்சா இந்தக் கணக்கைச் சொல்லுங்க.

கோயம்புத்தூர் தம்பிக்குப் பதில் சொல்லணும் இல்லையா? தம்பி, 10-லிருந்து 16 வரைக்கும் குடுக்குது. எந்த ரோடு, எந்தப் பக்கம் காத்து, யார் கால் என்பதைப் பொறுத்து.

அன்னைக்கு ராத்திரி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். காலையில் பேத்தி தாத்தா மடியில் உட்கார்ந்து ஊரே கேட்கிற மாதிரி அழுதா. சலைனாவிலிருந்து லாஸ் வேகஸ் வரைக்கும் வண்டியை எந்த வேகத்தில் ஓட்டணும் என்று சொன்னது அப்பாதான். ஊருக்குத் திரும்பினதும் சித்தப்பா போனில் இதே கேள்வியைக் கேட்டிருக்கார். அப்பா சொன்ன பதிலை அம்மா எனக்குச் சொன்னாங்க. "அவன் ஓட்டினா பத்து குடுக்கும். நான் பக்கத்துல உட்கார்ந்தா பதினாறு."

உங்க அனுபவத்தையும் வாய்ஸ் மெசேஜா அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம். கிளம்புறதுக்கு முன்னாடி டேங்கைப் பார்த்துக்கோங்க.